பேருக்குத்தான் பன்னிரண்டு

போன வியாழக்கிழமை உன் மகள் கடைக்கு வந்தாள். பையிலிருந்து ஒரு சேர்க்கிட் பலகையை எடுத்து மேசையில் வைத்தாள். வைத்ததும் நகத்துக்குப் பூசுகிற கியூடெக்ஸ் வாசம் அடித்தது. ஈயப் புகையும் பழைய பற்றரியின் அமில நெடியும் எப்போதும் நிற்கிற கடை இது, உனக்குத் தெரியும். நீ போன பிறகு இந்த வாசம் மட்டும் இங்கே வந்ததில்லை. நான்தான் வரவிடவில்லை.

பலகையின் மூலையில், ஈயம் வைத்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பச்சைப் புள்ளி. இன்னும் சரியாகக் காயவில்லை.

"வாப்பா சிவப்பு, நீங்க நீலம். எனக்குப் பச்சை, மாமா" என்று சிரித்தாள்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள் அல்லவா, படிப்புக்காக ஒரு பெட்டி செய்கிறாளாம். வாவியில் மிதக்கவிட்டு, தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கிற பெட்டி. ஒரு பன்னிரண்டு வோல்ட் பற்றரி, மேலே ஒரு சூரியத் தகடு. இடி மின்னலில் வயர் வழியாகப் பாய்ந்து வருகிற அதிர்ச்சியைத் தாங்க, சேர்க்கிட்டின் வாசலில் ஒரு டயோட் வைக்க வேண்டும். எந்த டயோட் என்றுதான் கேட்க வந்திருந்தாள். கேட்டுவிட்டு, மிகவும் சாதாரணமாக, இன்னொன்றும் சொன்னாள்.

"வாப்பா விட்ட பிழைய நானும் விட்டிரப்படா, மாமா. அதான் ஒங்களிட்ட வந்தன்."

மச்சான், அந்தப் பிழை உன்னுடையது இல்லை. ஏழு வருடமாக இந்த ஒரு வசனத்தைச் சொல்லத் துப்பில்லாமல் இருந்தவன் நான். நீ உயிரோடு இருந்த நாளில் உனக்குச் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன், வாசிக்க நீ இல்லை என்ற தைரியத்தில் என்றுதான் நினைக்கிறேன்.

செங்கலடிச் சந்தியில் நாம் இரண்டு பேரும் கடை திறந்த நாளில் அந்தப் புள்ளி வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நீ. யார் ஈயம் வைத்து முடித்தாரோ அவர் தன் நிறத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வேலை திரும்பி வந்தால் யாருடைய கை என்று தெரியும், சண்டை வராது என்றாய். ஏறாவூர்க் கடையில் நீ சிவப்பும் நீலமுமாகக் கியூடெக்ஸ் வாங்கப் போனபோது கடைக்காரர், "என்ன காக்கா, ஊட்டுல பொஞ்சாதி ஒண்டா ரெண்டா?" என்று கேட்டாராம். அதை நீ வந்து சொல்லி, மேசையில் கை அடித்துச் சிரித்தாய். உன் மனைவி தொழுகைக்காக நகத்தில் எதுவும் பூசுவதில்லை, அது அந்தக் கடைக்காரருக்கும் தெரியும். அதனால்தான் இன்னும் சிரித்தாய்.

அந்த நாட்களில் நம்மிடம் அதிகம் வந்தது யானைப் பெட்டிதான். பதுளை வீதியால் மேற்கே போனால் வருகிற நெல் வட்டைகளில், வயலைச் சுற்றி இழுகம்பி கட்டி, யானை அதில் முட்டினால் சைரன் அடிக்கிற பெட்டி. அதன் வயர் வயலின் நீளத்துக்கு ஓடும். மாரியில் எங்கோ மின்னல் விழுந்தாலும் அந்த வயரில் ஒரு உதை வரும். சைரனை நிறுத்துகிறபோது அதன் சுருளும் ஒரு உதை கொடுக்கும். இரண்டையும் வாசலிலேயே மறித்து மண்ணுக்கு அனுப்புவதுதான் டயோட்டின் வேலை. மற்ற நேரம் அது இருப்பதே தெரியக்கூடாது.

டயோட் தெரிந்தெடுக்கிற வேலையில் நீ பிடிவாதக்காரன். எனக்கு அது எரிச்சலாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். "பேருக்குத்தான் பன்னெண்டு, மச்சான்" என்பாய். "வெயில் ஏறினாப் பதினாலரைக்கும் போகும். டயோட்டுக்கு நம்மட பேரு தெரியா, வோல்ட்டுத்தான் தெரியும்." குளத்தில் மிச்சத் தண்ணீர் வழிந்தோட வான் கட்டுவதைத்தான் எப்போதும் உதாரணம் காட்டுவாய். வானைப் பதித்துக் கட்டினால் நல்ல தண்ணீரும் ஓடிக்கொண்டே இருக்கும். உயர்த்திக் கட்டினால் வான் பாயுமுன் குளக்கட்டு உடையும். அதனால் நீ எப்போதும் பதினெட்டு என்று எழுதியதைத்தான் எடுப்பாய். பற்றரி எவ்வளவு ஏறினாலும் பதினைந்தைத் தாண்டாது, அதுவரை டயோட் பேசாமல் இருக்கும். உதை வந்தால் முப்பதுக்குள் பிடித்துவிடும். பின்னால் இருக்கிற சேர்க்கிட் சில்லு முப்பத்தைந்து வரை தாங்கும்.

ஒரு பக்கம் மட்டும் மறிக்கிற வகையை எடுப்பாய், இரண்டு பக்கமும் மறிக்கிறதை அல்ல. வயல்காரர் அவசரத்தில் பற்றரி வயரை மாற்றிக் கொடுத்துவிடுவார், அப்போது டயோட் வழியாகப் பாய்ந்து பியூஸ் போகட்டும், சேர்க்கிட் தப்பட்டும் என்பாய். டயோட்டின் கால்களைக் கட்டையாக வெட்டி, வயர் உள்ளே நுழைகிற இடத்திலேயே வைப்பாய். இவ்வளவும் செய்தாலும் உனக்குப் போதாது. முடித்த பெட்டியை ஒரு முழு நாள் கடை வாசலில் வெயிலுக்கு வைப்பாய். கருவாடு காயப்போட்ட மாதிரி பெட்டிகள் வரிசையாக இருக்கும். மத்தியானம் ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து டயோட்டை விரலால் தொட்டுப் பார்ப்பாய். சூடு இல்லை என்றால்தான் பெட்டி போகும்.

பிழை நடந்த அந்த மார்கழியில் வெயில் இல்லை. பத்து நாள் விடாத மழை. ஒரு அண்ணன், பதுளை வீதிப் பக்கம் மூன்று ஏக்கர் வயல் செய்கிறவர், பெட்டி கேட்டு இரண்டு தடவை வந்து போயிருந்தார். பக்கத்து வட்டையில் யானை இறங்கிவிட்டது. நீ என்ன சொன்னாய்? "ரெண்டு நாள் பொறுங்க, வெயில் வரட்டும்." எனக்கு ஏச்சு வாயில் வந்தது. மனிதர் பயத்தில் நிற்கிறார், இவன் வெயில் பார்க்கிறான் என்று அன்று காலை உன்னோடு கொளுவினேன்.  வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாய்.

நீ போன பின் அந்த அண்ணன் உழவு இயந்திரத்தோடு வந்து வாசலில் நின்றார். பெட்டி முக்கால்வாசி முடிந்திருந்தது, டயோட் மட்டும் வைக்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்தேன். பதினெட்டு முடிந்திருந்தது. சாமானோடு தவறி வந்து கிடந்த பன்னிரண்டு ஒன்று இருந்தது. எனக்குத் தெரியாமல் நான் அதை எடுக்கவில்லை, மச்சான். நீ நூறு தடவை சொன்னது காதில் இருந்தது. பன்னிரண்டு வோல்ட் பற்றரிக்குப் பன்னிரண்டு போதாதா, இவன் சும்மா பெரிதுபடுத்துகிறான் என்று உன் மேல் இருந்த கோபத்தில் எடுத்தேன். மேசையில் பன்னிரண்டு வோல்ட் கொடுத்துப் பார்த்தேன். சைரன் அடித்தது. டயோட் சுடவில்லை. புள்ளி வைக்க என் நீலப் போத்தலைத் திறந்தால் காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. உன் சிவப்பை எடுத்து வைத்துக் கொடுத்து அனுப்பினேன். நீ வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நீ வந்தபோது சாப்பிடக் கொத்துரொட்டி வாங்கி வந்திருந்தாய், காலையில் கொளுவியதற்கு. அதைச் சாப்பிட்டுக்கொண்டே மறந்துபோனேன். மேசையில் ஒரு பெட்டி குறைந்ததை நீயும் கவனிக்கவில்லை.

தை மாதம் வெயில் வந்தது. மழைக்குள் அரைகுறையாகக் கிடந்த பற்றரி நிறைந்தது. மத்தியானத்தில் பதினாலரைக்கு ஏற ஏற, அந்தப் பன்னிரண்டு தன் வேலை வந்துவிட்டது என்று நினைத்துத் திறந்துகொண்டது. நாளுக்கு நாள் சுட்டு, ஒருநாள் வெடித்து, இரண்டு பக்கமும் ஒட்டிப்போய், பியூசையும் கொண்டுபோய்விட்டது. அந்த அண்ணனுக்கு அது தெரியாது. கதிர் முற்றி நின்ற வயலைப் பெட்டியை நம்பி விட்டுவிட்டுப் படுத்திருக்கிறார், அன்று இரவு யானை இறங்கிவிட்டது.

மறுநாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் தம்பியோடு கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டம். "மூணு ஏக்கரும் சப்பளிஞ்சி கிடக்கு தம்பி. இது மூச்சு விடல்ல" என்றார், அவ்வளவுதான். நீ அவரைத் தோளில் பிடித்து, பக்கத்துக் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கக் கூட்டிப்போனாய். நான் மூடியைத் திறந்தேன். டயோட் இரண்டாகப் பிளந்திருந்தது. ஒரு பாதியில் அந்தப் பன்னிரண்டு அழியாமல் அப்படியே இருந்தது. பக்கத்தில் உன் சிவப்புப் புள்ளி.

குறடால் அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மறந்தது ஒரு பிழை, அவசரப்பட்டது ஒரு பிழை, அவை எல்லாருக்கும் வரும். இது அப்படி இல்லை. இதை நான் யோசித்துச் செய்தேன். நீ திரும்பி வந்து பெட்டிக்குள் குனிந்து பார்த்தாய்.

"டயோட் எங்க, மச்சான்?"

"வெடிச்சி விழுந்திரிக்கும், வாற வழியில."

நீ புள்ளியைப் பார்த்தாய். நீண்ட நேரம் பார்த்தாய். அந்த மாதம் பத்துப் பெட்டி செய்திருந்தாய், எதை எப்போது முடித்தாய், எது யாருக்குப் போனது என்று உனக்கு நினைவில் இல்லை. "என்ட புள்ளிதான்" என்றாய். "சூடு கூட வெச்சிட்டன் போல. உள்ளுக்க வெடிச்சிரிக்கும்." பிறகு வெளியே போய் அந்த அண்ணனின் முன்னால் நின்று, "என்ட கையில வந்த பிழை அண்ணன், என்னை மன்னிச்சிக்கங்க" என்று சொன்னாய்.  அவருடைய தம்பிதான், "உங்கட ஆக்களிட்டக் குடுத்தா இப்பிடித்தான்" என்றான்.

நீ தலை குனிந்தாய். உன்னை ஒரு ஆளாகப் பார்த்துச் சொல்லவில்லை அவன், உன் சமூகத்தையே இழுத்தான். சந்தியில் நாலு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அதே இடத்தில் நான் நின்றேன், தமிழனாக, அவனுடைய ஆளாக. "அது நான் செய்த பெட்டி" என்று நான் வாய் திறந்திருந்தால் அந்தச் சொல் அங்கேயே செத்துப்போயிருக்கும். என் சட்டைப் பையில் டயோட் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காக நான் வெட்கப்படாத நாள் இல்லை.

நீ பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்தினாய். நீயே கொண்டுபோய்ப் பூட்டினாய். தப்பிக் கிடந்த கொஞ்சக் கதிரை அவர் வெட்டி முடிக்கும் வரை அவரோடு வயல் காவலில் இருந்தாய் என்று உன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு, நீ செய்து அனுப்பிய ஒவ்வொரு பெட்டியையும் தேடி மோட்டார் சைக்கிளில் அலைந்தாய். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாய். ஒன்றிலும் பிழை இல்லை. அதைக் கண்டு நீ ஆறுதல்படுவாய் என்று நான் காத்திருந்தேன், என் பாரமும் குறையும் என்று. நீயோ, "ஒண்டுல வந்தது மத்ததுலயும் வரும்" என்று சொல்லி, ஒருநாள் டயோட் லாச்சியை இழுத்து என் பக்கம் வைத்தாய்.

"இனி இத நீயே தெரிஞ்செடு மச்சான். என்ட கைய என்னால நம்ப ஏலா."

நான் வாங்கிக்கொண்டேன். சரியாகத் தெரிந்தெடுத்த கையிலிருந்து பிழையாகத் தெரிந்தெடுத்த கைக்கு அந்த லாச்சி வந்தது. ஐந்தாறு வருடம் ஒவ்வொரு பெட்டிக்கும் நீ எழும்பி வந்து, "இது சரியா பாரு" என்று என்னிடம் கேட்டாய். நான் பெரிய மனிதனைப் போல மீற்றரை வைத்துப் பார்த்து, "ஓம், சரி" என்பேன். உன் சிவப்புப் போத்தலை நீ அதன் பிறகு திறக்கவே இல்லை.

சொல்லலாம் என்று எத்தனை தரம் வாயெடுத்தேன். பெருநாளுக்கு உன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது ஒருமுறை. உன் மகள் பரீட்சையில் பாஸ் பண்ணி நீ அழுதபோது ஒருமுறை. நாளானது, நாளாக நாளாகச் சொல்வது இன்னும் பெரிய வேலையாகிப் போனது. போன வருடம் மாரடைப்பில் நீ விழுந்த செய்தி வந்து நான் ஏறாவூருக்கு வந்தபோது அடக்கம் செய்ய உன்னைத் தூக்கிவிட்டார்கள். மையவாடியில் நானும் மூன்று பிடி மண் போட்டேன். சட்டைப் பையில் அந்த வெடித்த டயோட் இருந்தது. குழிக்குள் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவு கேவலம் நான்.

வியாழக்கிழமை உன் மகளுக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன். "இருபத்திநாலு போட்டாப் பத்திரம்தானே மாமா? கூடுதலா இருந்தா நல்லம்தானே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இருபத்திநாலு போட்டால் உதை நாற்பதுக்குக் கிட்ட வந்த பிறகுதான் பிடிக்கும், பெட்டியின் சில்லு அதற்கு முன் செத்துவிடும் என்றேன். உன் வானையும் கட்டையும் என் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்து விளக்கினேன். பதினெட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் நன்றி சொல்லிவிட்டுப் படியில் இறங்கினாள். அப்போதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. கூப்பிட்டேன். திரும்ப வந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், இங்கே எழுதிய வரிசையிலேயே.

அவள் அழவில்லை. ஏசவும் இல்லை. "அந்த வயலுக்கு என்னைக் கூட்டிப் போங்க" என்றாள்.

நேற்றுப் போனோம். ஏழு வருடத்தில் நான் அந்தப் பாதையில் போனதே இல்லை, எந்த வேலை வந்தாலும் சாட்டுச் சொல்லித் தட்டிக் கழித்துவிடுவேன். கதிர் பாலேறி நின்றது. அந்த அண்ணன் வரம்பில் நின்றார், தலை நன்றாக நரைத்துவிட்டது. வரம்பிலேயே நின்று அவரிடமும் சொன்னேன். அவர் நம்பவில்லை. பெட்டியடிக்குக் கூட்டிப்போய், மூடியைத் திறந்து காட்டினார்.

"என்ன தம்பி விசர்க்கதை கதைக்கிறீங்க? ஏழு போகம், ஒரு நாளும் பிழைக்கல்ல. இஞ்ச பாருங்க, உங்கட நீலம்."

பதினெட்டு. கால்கள் கட்டையாக வெட்டி, வயர் நுழைகிற இடத்திலேயே, உன் ஈயம், அரிசி மாதிரிச் சின்னதாக. அதன் பக்கத்தில் என் நீலப் புள்ளி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்தான் சொன்னார். "அவர் பூட்டக்குள்ள நான் கேட்டன், மறுகாயும் உங்கட கையாலயா எண்டு. அவர் சொன்னார், 'இல்ல அண்ணன், இது என்ட கூட்டாளி பார்த்த பெட்டி, அவன்ட நிறம்தான் வெச்சிரிக்கன், பயமில்லாமப் படுங்க' எண்டு. அண்டைக்கிருந்து ஆர் கேட்டாலும் உங்கட பேரைத்தான் சொல்றன்."

நீல நிறம் எங்கே வாங்கினாய்? என் போத்தல் காய்ந்துதானே கிடந்தது. புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறாய், அந்தக் கடைக்காரரிடமே. அப்போதும் அவர் ஏதாவது கேட்டாரா? நீ சிரித்தாயா?

அவர் முகம் மெல்ல மாறியது. நான் சொன்னது அப்போதுதான் அவருக்குள் இறங்கியது என்று நினைக்கிறேன். உன் மகளைப் பார்த்து, "உங்கட வாப்பாவ நான் எத்தனை பேரிட்டக் குறையாச் சொல்லியிருக்கன், புள்ள" என்றார். அவள், "தெரியாமத்தானே சொன்ன நீங்க" என்றாள். தெரிந்தும் சொல்லாதவன் நான், பக்கத்தில்தான் நின்றேன். பிறகு அவள் பையிலிருந்து ஒரு துணியும் கியூடெக்ஸ் அழிக்கிற மருந்துப் போத்தலும் எடுத்து நீலத்தைத் துடைத்தாள். சிவப்புப் போத்தலைத் திறந்தாள். உன்னுடையது அல்ல, உனக்காக வாங்கி வந்த புதிது. குனிந்து, உன் ஈயத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாள். காயும் வரை மூன்று பேரும் வெயிலில் நின்றோம். பெட்டியை மூடுமுன் அவள் டயோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை.

 திரும்பி வந்து செங்கலடிச் சந்தியில் இறங்கும்போது அவள் ஒன்று கேட்டாள்.

"வாப்பா இரிக்கக்குள்ள ஏன் மாமா சொல்லல்ல?"

 சட்டைப் பையிலிருந்து அந்த வெடித்த டயோட்டை எடுத்து அவள் கையில் வைத்தேன், இனி அது உன் வீட்டில் இருக்கட்டும் என்று. அவள் வெளிச்சத்தில் திருப்பிப் பன்னிரண்டை வாசித்தாள். பிறகு என் கையை விரித்து, அதைத் திரும்ப வைத்து மூடினாள்.

"இது ஒங்கட, மாமா. நீங்களே வெச்சிரிங்க."